சார்ட் பெட்டியும் அச்சு லேபிளும்: கேட்ட அளவில் எழுத்து ஏன் வருவதில்லை?

ஃபான்ட் அளவை 14 என்று கொடுத்தாயிற்று. லேபிள் அசைந்து கொடுக்கவில்லை. 18 ஆக்கினால் ஓரத்தில் பாதி எழுத்து வெட்டுப்படுகிறது. டெஸ்க்டாப்பில் சரியாகத் தெரிந்தது மொபைலில் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாகிறது. மூன்றும் ஃபான்ட் கோளாறு போலத்தான் தெரியும். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இருக்கும்: சார்ட் எந்தப் பெட்டிக்குள் வரையப்படுகிறது, அந்தப் பெட்டியின் அளவை எது தீர்மானிக்கிறது, வரைந்து முடித்தபின் வேறு ஏதாவது அதை இழுக்கிறதா, சுருக்குகிறதா. இதைப் பார்க்காமல் ஃபான்ட் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் ஒரு திரையில் சரியாகும், இன்னொரு திரையில் கெடும்.

பண்புப் பெயர்களைக் கீழே ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே ஆட்டோகம்ப்ளீட் காட்டிவிடும்.

முதலில் மூன்று எண்கள்

வெப் பக்கம் என்றால் டெவ்டூல்ஸ் கன்சோலைத் திறந்து மூன்று அளவுகளை எடுங்கள். சார்ட் வரையப்படும் பலகையான கேன்வாஸைச் சுற்றியுள்ள டிவ் (அதுதான் பெட்டி) எவ்வளவு பெரிது, கேன்வாஸ் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, கேன்வாஸின் சொந்த 'விட்த்', 'ஹைட்' அட்ரிபியூட் எவ்வளவு. முதல் இரண்டையும் 'கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட்' சொல்லிவிடும். இரண்டாவது எண்ணை 'டிவைஸ் பிக்சல் ரேஷியோ'வால் (சிஎஸ்எஸ் பிக்சல் ஒன்றுக்குத் திரையின் நிஜப் பிக்சல் எத்தனை என்ற விகிதம்) பெருக்கினால் மூன்றாவது வர வேண்டும். ரேஷியோ 2 உள்ள திரையில் 600 பிக்சல் அகலம் தெரியும் கேன்வாஸுக்கு அட்ரிபியூட் 1200 இருந்தால் சரி.

அட்ரிபியூட் எதுவும் கொடுக்காத கேன்வாஸின் இயல்பான அளவு 300-க்கு 150. அதை சிஎஸ்எஸ் மூலம் 600-க்கு இழுத்தால் படம் இரண்டு மடங்கு ஊதும்; எழுத்தும் கூடவே ஊதி மங்கும். எழுத்து கேட்டதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் இருந்தால் நேராக இங்கே வந்து பாருங்கள். சார்ட்.ஜேஎஸ், ஈசார்ட்ஸ் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் சார்ட் லைப்ரரிகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. நாம் கேன்வாஸ் மேலேயே அகலத்தை சதவீதத்திலோ 'விடபிள்யூ'விலோ (ஜன்னல் அகலத்தை வைத்து அளக்கும் அலகு) எழுதிக் குறுக்கிடும்போதுதான் சிக்கல். அளவு எதுவானாலும் டிவ்வுக்குக் கொடுங்கள், கேன்வாஸைத் தொடாதீர்கள்.

தானாக நீண்டுகொண்டே போகும் சார்ட்

சார்ட்.ஜேஎஸ்ஸில் 'ரெஸ்பான்சிவ்', 'மெயின்டெயின் ஆஸ்பெக்ட் ரேஷியோ' இரண்டும் இயல்பிலேயே ட்ரூ. லைன், பார் வகைகளுக்கு விகிதம் 2. அகலம் 800 கிடைத்தால் உயரம் 400. உயரத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டாவதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, டிவ்வுக்கு 'பொசிஷன் ரிலேட்டிவ்' போட்டு, 320 பிக்சல் என்று திட்டமான உயரமும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். டிவ்வுக்கு உயரம் இல்லை, அதே டிவ்வுக்குள் கேன்வாஸுக்கு மேலே 24 பிக்சல் உயரத்தில் ஒரு தலைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ட் டிவ்வின் முழு உயரத்தையும் தனக்கென எடுத்துக்கொள்ளும். இப்போது டிவ்வில் சார்ட்டும் இருக்கிறது, தலைப்பும் இருக்கிறது. ஆகவே டிவ் 24 பிக்சல் வளர்கிறது. டிவ் வளர்ந்ததைக் கவனித்து சார்ட் மறுபடி அளந்து இன்னொரு 24 வளர்கிறது. பக்கம் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். தலைப்பை டிவ்வுக்கு வெளியே எடுத்துவிட்டு, கேன்வாஸ் மட்டும் தனியாக இருக்கும் டிவ்வுக்கு உயரம் கொடுத்தால் நின்றுவிடும்.

வளரும், ஆனால் ஜன்னலைச் சுருக்கினால் சுருங்காது என்பது எதிர்ப்பக்கத்துக் கோளாறு. டிவ் ஒரு ஃபிளெக்ஸ் வரிசைக்குள் இருந்தால் அதன் 'மின் விட்த்' இயல்பில் 'ஆட்டோ'. உள்ளே உள்ள கேன்வாஸின் பிக்சல் அகலத்துக்குக் கீழே அது இறங்க மறுக்கும். 'மின் விட்த்' 0 என்று ஒரு வரி போதும். கிரிட் என்றால் நெடுவரிசையை '1 எஃப்ஆர்' என்று விடாமல் 'மின்மேக்ஸ்' மூலம் 0 முதல் 1 எஃப்ஆர் என்று எழுதுங்கள்.

ஈசார்ட்ஸ் வேறு மாதிரி. மறைந்திருக்கும் டேபுக்குள் அதை 'இனிட்' செய்தால் டிவ்வின் அளவு 0 என்று கிடைக்கும். டேப் திறந்தபின் 'ரீசைஸ்' என்று நாமே கூப்பிட வேண்டும். ஜன்னல் அளவு மாறும்போதும் அப்படித்தான், தானாக நடக்காது. லேபிள் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டால் ஈசார்ட்ஸின் சொந்த 'கிரிட்' அமைப்பில் (சிஎஸ்எஸ் கிரிட் அல்ல) 'கன்டெய்ன் லேபிள்' ட்ரூவா என்று பாருங்கள்.

கொடுத்த ஃபான்ட் காதில் விழாதபோது

சார்ட்.ஜேஎஸ் 2-ஆம் பதிப்பில் 'டிக்ஸ்' (அச்சுக் குறிகளின் அமைப்பு) உள்ளேயே 'ஃபான்ட்சைஸ்' என்று எழுதலாம். 2021-இல் வந்த 3-ஆம் பதிப்பில் அது 'டிக்ஸ்', அதற்குள் 'ஃபான்ட்', அதற்குள் 'சைஸ்' என்று ஒரு அடுக்கு உள்ளே போய்விட்டது. 'எக்ஸ்ஆக்சஸ்' என்ற வரிசைப் பட்டியலும் போய், 'ஸ்கேல்ஸ்' அடியில் 'எக்ஸ்', 'ஒய்' என்று நேரடியாக வந்தது. 'ஃபான்ட்சைஸ்' என்று பழைய பெயரில் எழுதினால் எரர் எதுவும் வராது, சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் பாதி இந்த ரகம்தான். எழுத்து பிடிவாதமாக 12-லேயே நின்றால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்; 12 என்பது அதன் இயல்பு அளவு.

அச்சுத் தலைப்பின் ஃபான்ட் வேறு, டிக் லேபிளின் ஃபான்ட் வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. பக்கத்தின் 'பாடி'யில் வைத்த சிஎஸ்எஸ் ஃபான்டும் கேன்வாஸுக்குள் இறங்காது. எல்லாவற்றுக்கும் ஒரே ஃபான்ட் வேண்டுமென்றால் 'சார்ட் டிஃபால்ட்ஸ் ஃபான்ட்' என்ற இடத்தில் வையுங்கள், அதுவும் சார்ட்டை உருவாக்குவதற்கு முன்.

சொந்தமாக கேன்வாஸில் வரைகிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. கான்டெக்ஸ்ட்டின் 'ஃபான்ட்' பண்புக்குத் தப்பான சரம் கொடுத்தால், உதாரணமாக பிக்சல் என்ற அலகை விட்டுவிட்டு வெறும் 14 என்றால், அது கண்டுகொள்ளாமல் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும். பழைய மதிப்பு எதுவும் இல்லையென்றால் 10 பிக்சல் சான்ஸ் செரிஃப். கொடுத்த அடுத்த வரியிலேயே திரும்பப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு அறிகுறி: சார்ட் முதலில் ஒரு ஃபான்டில் வருகிறது, மவுஸை மேலே கொண்டுபோனதும் எழுத்து மாறிவிடுகிறது. வெப்ஃபான்ட் இறங்குவதற்குள் சார்ட் வரைந்து முடிந்துவிட்டது என்று பொருள். லேபிளின் அகலத்தையும் தப்பான ஃபான்டில்தான் அளந்திருக்கும், அதனால் ஓரமும் பிசகும். 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் லோட்' என்று கூப்பிட்டு, அது முடிந்தபிறகு சார்ட்டை உருவாக்குங்கள். தமிழ் லேபிள் என்றால் இங்கே கவனம் வேண்டும். இந்த ஃபங்ஷனின் இரண்டாவது ஆர்குமென்ட் மாதிரி வாசகம். கொடுக்காவிட்டால் வெறும் ஒரு இடைவெளியை வைத்துத்தான் எந்தக் கோப்பு வேண்டும் என்று முடிவு செய்யும். எழுத்துரு 'யூனிகோட் ரேஞ்ச்' வாரியாகத் துண்டு துண்டாக வந்தால் தமிழ்த் துண்டு இறங்காமலேயே 'முடிந்தது' என்று சொல்லிவிடலாம். 'கஅம' என்று மூன்று தமிழ் எழுத்தை அங்கே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபான்டைப் பெரிதாக்கினால் சார்ட் குட்டையாகிறது என்ற புகாரின் கணக்கு எளிது. எக்ஸ் அச்சில் லேபிள்கள் இடிக்கத் தொடங்கினால் சார்ட்.ஜேஎஸ் முதலில் 50 டிகிரி வரை சாய்க்கும், அதற்கும் இடம் போதாவிட்டால் இடையிடையே லேபிள்களை விட்டுவிடும். சாய்ந்த நீள லேபிள் கீழே இடத்தை விழுங்க, வரைபடப் பகுதி அந்த அளவுக்குக் குறையும். 'ஆட்டோஸ்கிப்' ஃபால்ஸ் போடுவது எனக்குப் பிடித்த வழியல்ல. லேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். லேபிளை வரிசையாக, அதாவது இரண்டு சரங்கள் கொண்ட அரேயாகக் கொடுத்தால் இரண்டு வரியில் மடங்கி நிற்கும். லேபிள் இன்னும் நீளம் என்றால் 'இண்டெக்ஸ் ஆக்சிஸ்' பண்பை 'ஒய்' ஆக்கி பட்டைகளைப் படுக்கப் போட்டுவிடுங்கள். சாய்ந்த எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

விண்டோஸ் ஃபார்ம்ஸ் சார்ட்: ஆட்டோஃபிட்

டாட்நெட்டின் பழைய சார்ட் கன்ட்ரோலை இன்னும் நிறைய நிரல்களில் பார்க்கலாம். 'லேபிள் ஸ்டைல்' உள்ளே 'ஃபான்ட்' பண்பை மாற்றினாலும் லேபிள் மாறவில்லை என்பது இதில் வரும் நிரந்தரக் கேள்வி. காரணம், அச்சின் 'இஸ் லேபிள் ஆட்டோ ஃபிட்' இயல்பில் ட்ரூ. அது ட்ரூவாக இருக்கும்வரை நாம் கொடுத்த ஃபான்டுக்கு மதிப்பில்லை. இடத்துக்குத் தக்கபடி கன்ட்ரோலே எழுத்தளவை 6 பாயின்டுக்கும் 10 பாயின்டுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கும். 12 கேட்டாலும் 10-ஐத் தாண்டாது. சாய்வும் அப்படியே.

இரண்டு வழி. லேபிள்கள் குறைவு, எல்லாம் ஒரே மாதிரி நீளம் என்றால் ஆட்டோஃபிட்டை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு ஃபான்டையும் கோணத்தையும் கையால் கொடுங்கள். லேபிள்கள் டேட்டாவைப் பொறுத்து மாறும் என்றால் ஆட்டோஃபிட்டை விட்டுவைத்து, 'லேபிள் ஆட்டோஃபிட் மின் ஃபான்ட் சைஸ்' 8, 'மேக்ஸ் ஃபான்ட் சைஸ்' 12 என்று எல்லையை மட்டும் நகர்த்துங்கள். இரண்டாவதுதான் நீண்ட நாள் தாங்கும். எக்ஸ் அச்சுக்கும் ஒய் அச்சுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. சில லேபிள்கள் காணாமல் போனால் அது ஃபான்ட் விவகாரம் அல்ல, அச்சின் 'இன்டர்வல்' ஆட்டோவில் இருக்கிறது. 1 ஆக்கினால் எல்லாம் வரும்.

இதே கன்ட்ரோலில் அளவு பிக்சலில் இல்லை, சதவீதத்தில். 'சார்ட் ஏரியா'வின் 'பொசிஷன்' என்பது லேபிள்களையும் சேர்த்த முழுப் பகுதி; 'இன்னர் பிளாட் பொசிஷன்' என்பது கோடுகள் வரையப்படும் உள்பகுதி மட்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த இரண்டு சார்ட்களில் இடது ஓரம் நேராக நிற்காது, ஏனென்றால் ஒன்றின் ஒய் லேபிள் 100, மற்றதன் லேபிள் 1,000,000. உள்பகுதியின் எக்ஸ் மதிப்பை இரண்டிலும் 10 என்று நிலையாக வைத்தால் ஓரம் நேராகும். ஆனால் ஜன்னலைச் சுருக்கி சார்ட் ஏரியா 400 பிக்சலுக்கு வந்தால் 10 சதவீதம் என்பது 40 பிக்சல். லேபிளுக்கு 55 பிக்சல் வேண்டியிருந்தால் முன்னால் உள்ள எண் வெட்டுப்படும். ஃபார்மின் 'மினிமம் சைஸ்' எவ்வளவோ அந்த அகலத்தில் வைத்துச் சோதித்தபிறகுதான் சதவீதத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஃபான்ட் பாயின்டில், ஃபார்ம் பிக்சலில் என்ற முரணும் சேர்ந்துகொள்ளும். 9 பாயின்ட் என்பது 96 டிபிஐயில் (அங்குலத்துக்கு 96 புள்ளி) 12 பிக்சல், திரையை 125 சதவீதத்தில் வைத்தால் 15, 150-இல் 18. ஃபார்ம் வளராமல் எழுத்து மட்டும் வளர்ந்தால் லேபிள் முட்டும். நிரல் டிபிஐயைக் கவனிக்காத ரகம் என்றால் விண்டோஸ் முழு ஜன்னலையும் படமாக இழுத்துவிடும், எல்லாமே மங்கும். டாட்நெட் கோர் 3.0 முதல் 'செட் ஹை டிபிஐ மோட்' இருக்கிறது. முதல் ஜன்னல் திறக்கும் முன் கூப்பிட வேண்டும்.

மேட்பிளாட்லிப்: அங்குலமும் பாயின்டும்

பைத்தானின் படம் வரையும் லைப்ரரியான மேட்பிளாட்லிப்பில், படத்தின் அளவான 'ஃபிக்சைஸ்' அங்குலத்தில், ஃபான்ட் பாயின்டில், ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. இயல்பு 6.4-க்கு 4.8 அங்குலம், 100 டிபிஐ, ஃபான்ட் 10. ஆக, 640-க்கு 480 படத்தில் எழுத்து சுமார் 14 பிக்சல். டிபிஐயை 300 ஆக்கினால் படம் 1920-க்கு 1440 ஆகும், எழுத்தும் சுமார் 42 பிக்சல் ஆகும். படத்தோடு ஒப்பிட்டால் எழுத்து அங்கேயேதான் நிற்கிறது. எழுத்து சிறிதாக இருக்கிறதென்று டிபிஐயை ஏற்றுவதால் கோப்பு பெருக்கும், எழுத்து பெருக்காது.

படம் பெரிதாக இருக்கட்டும் என்று 16-க்கு 12 வைத்துவிட்டு, அதை 6.4 அங்குல அகலத்தில் அறிக்கையில் ஒட்டுவார்கள். படம் 40 சதவீதமாகச் சுருங்கும்; 10 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட் ஆகிவிடும். ஒட்டப்போகும் இடத்தின் அகலம் 3.5 அங்குலம் என்றால் ஃபிக்சைஸையும் 3.5 வைத்து, ஃபான்டை 8 வையுங்கள். காகிதத்தில் வருவதும் 8 தான்.

லேபிள் வெட்டுப்பட்டால், படத்தைச் சேமிக்கும்போது 'பிபாக்ஸ் இன்ச்சஸ்' என்பதற்கு 'டைட்' கொடுக்கச் சொல்வார்கள். வெட்டு நிற்கும், ஆனால் ஒவ்வொரு படத்தின் வெளியளவும் லேபிளுக்குத் தக்கபடி மாறிவிடும். நான்கு படங்களை ஒரே அகலத்தில் ஒட்டினால் நான்கிலும் எழுத்து நான்கு அளவில் இருக்கும். 'சப்பிளாட்ஸ்' கூப்பிடும்போதே 'லேஅவுட்' என்பதற்கு 'கன்ஸ்ட்ரெயின்ட்' கொடுத்தால் வெளியளவு மாறாமல் உள்ளே இடம் ஒதுக்கிக்கொள்ளும்.

டிக் லேபிளின் அளவுக்கு 'டிக் பாராம்ஸ்' உள்ளே 'லேபிள்சைஸ்'. அச்சுப் பெயருக்கு 'செட் எக்ஸ்லேபிள்' உள்ளே 'ஃபான்ட்சைஸ்'. 'ஆர்சி பாராம்ஸ்' மாற்றம் ஃபிகரை உருவாக்கும் முன் செய்தால்தான் பலன். சாய்த்த லேபிள் தன் டிக்கை விட்டு விலகி நின்றால் கிடைமட்ட அலைன்மென்டை 'ரைட்' ஆக்கி, 'ரொட்டேஷன் மோட்' பண்பை 'ஆங்கர்' ஆக்குங்கள்.

எஸ்விஜி, ஆண்ட்ராய்டு பற்றிச் சுருக்கமாக. எஸ்விஜியில் 'வியூபாக்ஸ்' வைத்து அகலம் 100 சதவீதம் என்று விட்டால் எழுத்தும் சேர்ந்தே சுருங்கும்: 800 அகல வியூபாக்ஸில் எழுதிய 12 பிக்சல், 360 அகலத் திரையில் 5.4 ஆகிவிடும். டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதுகிறவர்கள் 'ரீசைஸ் அப்சர்வர்' மூலம் உண்மையான அகலத்தை எடுத்து ஸ்கேலை மறுபடி கணக்கிட்டு வரைவதே சரி. ஆண்ட்ராய்டின் சார்ட் லைப்ரரியான எம்பிஆண்ட்ராய்டுசார்ட்டில் 'செட் டெக்ஸ்ட் சைஸ்' எடுப்பது டிபி (திரை அடர்த்திக்கேற்ற அலகு), எஸ்பி (போனின் எழுத்தளவு அமைப்பையும் சேர்க்கும் அலகு) அல்ல. போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கும் சார்ட் லேபிள் பெரிதாகாது. வேண்டுமென்றால் அந்த விகிதத்தை நாமே பெருக்க வேண்டும். மாற்றியபின் 'இன்வேலிடேட்' கூப்பிடவில்லையென்றால் திரையில் எதுவும் தெரியாது.

தமிழ் லேபிள்

கட்டங்களாக வருவது, எழுத்து உடைந்து வருவது இரண்டும் வேறு வேறு நோய். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துரு டேஜாவூ சான்ஸ். அதில் தமிழ் இல்லை. கன்சோலில் 'கிளிஃப் 2965 மிஸ்ஸிங்' என்று எச்சரிக்கை வந்தால் 2965 என்பது 'க' எழுத்தின் யூனிகோட் எண், எழுத்துரு கிடைக்கவில்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை 'ஆட்ஃபான்ட்' மூலம் சேர்த்து, 'ஃபான்ட் ஃபேமிலி'யில் அதை முதலிலும் டேஜாவூவை இரண்டாவதாகவும் பட்டியலாகக் கொடுங்கள். 3.6 பதிப்பு முதல் ஒன்றில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும். லினக்ஸ் சர்வரில் ஃபான்டைப் புதிதாக நிறுவியும் தெரியவில்லையென்றால் மேட்பிளாட்லிப் தன் சொந்த ஃபான்ட் பட்டியலை கேஷில் வைத்திருப்பதுதான் காரணம். அந்தக் கோப்பை அழித்தால் மறுபடி தேடும். டாக்கர் இமேஜ்களில் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் இருக்கவே இருக்காது. 'எஃப்சி லிஸ்ட்' கட்டளைக்கு மொழி 'டிஏ' என்று கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எழுத்துரு கிடைத்தபின் வருவது இரண்டாவது நோய். 'கொ' என்பது க-வுக்குப் பின் ஒரு குறியாகத்தான் நினைவகத்தில் இருக்கிறது. அதில் கொம்பை க-வுக்கு முன்னால் கொண்டுவருவது ஷேப்பிங் எஞ்சினின் (எழுத்துகளைச் சரியான வடிவிலும் இடத்திலும் அடுக்கும் நிரல்) வேலை. பிரவுசரும் விண்டோஸும் இதைச் செய்துவிடும். மேட்பிளாட்லிப்பில் படத்தை வரைந்து தரும் பகுதியான வழக்கமான 'ஆக்' பேக்எண்ட் எழுத்துகளை நினைவக வரிசையிலேயே அடுக்கிப் பழகியது. கொம்பு தப்பான பக்கம் நிற்பதைப் பார்த்தால் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஷேப்பிங் தெரிந்த 'எம்பிஎல்கெய்ரோ' பேக்எண்டுக்கோ, பிஜிஎஃப் பேக்எண்ட் வழியாக ஸீலேடெக் என்ற ஆவணம் அச்சுக்கோக்கும் நிரலுக்கோ மாற வேண்டும்.

நீள லேபிளைச் சுருக்க 'முதல் பத்து எழுத்து மட்டும்' என்று வெட்டுகிறவர்கள் தமிழில் தடுமாறுவார்கள். 'வருமானம்' நமக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'லெங்த்' அதை 8 என்று சொல்லும். 7-இல் வெட்டினால் புள்ளி போய் 'வருமானம' என்று நிற்கும். 'இன்டில் செக்மென்டர்' என்பதை 'கிராஃபீம்' (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) முறையில் ஓட்டி, கிடைக்கும் துண்டுகளை எண்ணி வெட்டுங்கள். சார்ட்.ஜேஎஸ்ஸில் இதை டிக்கின் 'கால்பேக்' உள்ளே செய்யும்போது கைக்கு வருவது லேபிள் அல்ல, அதன் வரிசை எண். 'கெட் லேபிள் ஃபார் வேல்யூ' மூலம் லேபிளை எடுக்க வேண்டும். அதை 'திஸ்' வழியாகக் கூப்பிட வேண்டியிருப்பதால் ஆரோ ஃபங்ஷன் இங்கே உதவாது, சாதாரண ஃபங்ஷனாக எழுதுங்கள். டூல்டிப்புக்கு இந்தக் கால்பேக் பொருந்தாது என்பது வசதிதான்: அச்சில் சுருங்கிய பெயர் அங்கே முழுதாகவே வரும்.